அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பினால் காளையார்கோவிலில் ஏன் தூக்கம் கெடுகிறது?

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 2 மணிக்கு அமெரிக்காவின் பெரும்பகுதியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய் மறுபடியும் 1 மணி ஆகிறது. நம்மூர் சுவர்க் கடிகாரத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்த வாரம் காளையார்கோவில் பக்கம், பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் வீடுகளில் ஒரு கேள்வி கட்டாயம் எழும்: "என்னப்பா, இன்னைக்கு இன்னும் போனையே காணோம்?"

போன் வரும். ஒரு மணி நேரம் கழித்து வரும். அடுத்த நான்கு மாதங்களுக்கு அப்படித்தான் வரும். மார்ச் இரண்டாவது ஞாயிறு அமெரிக்கக் கடிகாரம் 2 மணியிலிருந்து நேராக 3 மணிக்குத் தாவியதும், போன் மறுபடியும் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடும். அன்றைக்கு அம்மா தோட்டத்திலோ கடைத்தெருவிலோ இருப்பார். நாலு மிஸ்டு கால் இருக்கும்.

இதற்குப் பெயர் டேலைட் சேவிங் டைம். தமிழில் பகலொளி சேமிப்பு நேரம் என்கிறார்கள். இந்தியாவில் இது இல்லை, அதனால் நமக்குக் கவலை இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த ஏற்பாட்டின் சுமையில் ஒரு பங்கு, கடிகாரத்தையே தொடாத வீடுகளின் தலையில் விழுகிறது. அது எப்படி என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மணி நேரம்தானே, அதில் என்ன?

மதுரை - தொண்டி சாலையில், சிவகங்கைக்குக் கிழக்கே இருக்கிறது காளையார்கோவில். அங்கே ஒரு வீடு. அப்பத்தாவும் ஐயாவும் மட்டும் இருக்கிறார்கள். மகன் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவில். பேத்தி பள்ளிக்குக் கிளம்பும் முன், காலை 7.30 மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டே வாட்ஸ்அப்பில் வீடியோ கால் பேசுவாள் என்று வைத்துக்கொள்வோம். இப்படியொரு வீடு ஊருக்கு ஊர் இருக்கும்.

கோடையில் கலிஃபோர்னியாவுக்கும் நமக்கும் 12.30 மணி நேர வித்தியாசம். அங்கே காலை 7.30 என்றால் இங்கே இரவு 8 மணி. பேசி முடித்துவிட்டு எட்டரைக்குச் சாப்பாடு, அப்புறம் மாத்திரை, ஒன்பதரைக்குப் படுக்கை. எல்லாம் சரியாகப் போகிறது.

நவம்பரில் வித்தியாசம் 13.30 மணி நேரமாகிறது. பேத்திக்கு அதே காலை 7.30, அதே ஸ்கூல், அதே தட்டு. இங்கே இரவு 9 மணி. இப்போது அப்பத்தா என்ன செய்வார்? போனுக்கு முன்னாலேயே சாப்பிடலாம். "பிள்ளை முகத்தைப் பார்த்துட்டுச் சாப்பிடுவோம்" என்று காத்திருக்கவும் செய்யலாம். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும்.

ஐயாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் விஷயம் இன்னும் சிக்கல். சர்க்கரைக்கான சில மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாட்டு நேரத்தோடு கட்டிப்போட்டவை. வழக்கமான நேரத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டு, போனுக்காகச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை திடீரெனக் குறையலாம். வயதானவர்களுக்கு அது மயக்கம் வரை கொண்டுபோகும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இதைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை. யோசிக்கத் தோன்றாததற்குக் காரணம், அவர்கள் பக்கத்தில் எதுவுமே மாறவில்லை என்பதுதான். கடிகாரத்தைத் திருப்பினார்கள், அதோடு வேலை முடிந்தது. ஆபீஸ், பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து நகர்ந்துவிட்டதால், அவர்களுக்கு அது அதே 7.30.

லண்டனில் இருக்கும் வீடுகளுக்கும் இதே கதைதான், ஊர் மட்டும் வேறு. பேரன் பள்ளியிலிருந்து வந்து மாலை 4 மணிக்குப் பேசினால் கோடையில் இங்கே இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. இதில் இன்னொரு குழப்பம், பிரிட்டனும் ஐரோப்பாவும் அமெரிக்கா மாற்றும் நாளில் மாற்றுவதில்லை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும்தான் அவர்கள் கணக்கு. எனவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்களும் இலையுதிர்காலத்தில் ஒரு வாரமும் ஒரு பிள்ளையின் நேரம் மாறியிருக்கும், இன்னொரு பிள்ளையின் நேரம் மாறியிருக்காது.

மகள் ஆஸ்திரேலியாவில் இருந்தால்? அங்கே எல்லாமே தலைகீழ். மெல்போர்ன், சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரம் முன்னால் போகும், ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னால் வரும். ஒரு பிள்ளை நியூ ஜெர்சியில், ஒரு பிள்ளை மெல்போர்னில், பெற்றோர் காளையார்கோவிலில் என்றால் ஞாயிற்றுக்கிழமை மூன்று வீடும் சேர்ந்து பேசுவது ஒரு தனிக் கலை. ஜூலையில் நியூ ஜெர்சியில் காலை 8 மணிக்கு அழைத்தால் இங்கே மாலை 5.30, மெல்போர்னில் இரவு 10. சமாளிக்கலாம். டிசம்பரில் அதே காலை 8 மணிக்கு அழைத்தால் இங்கே மாலை 6.30, மெல்போர்னில் நள்ளிரவு 12. இந்தியா ஒரு நிமிடம்கூட நகரவில்லை. அண்ணன் தங்கச்சிக்கு நடுவில் இரண்டு மணி நேரம் கூடிவிட்டது. "உங்களுக்கெல்லாம் எங்க நினைப்பே இல்ல" என்று குரூப்பில் வரும் சண்டையில் பாதி, கடிகாரம் செய்த வேலை.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஏன் இந்தப் பிரச்சினை இல்லை?

சிவகங்கைச் சீமைக்கு வெளிநாடு புதிதல்ல. செட்டிநாட்டு வணிகர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன காலம் தொட்டு, இன்று சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார் வரை குடும்பத்தில் யாராவது ஒருவர் வெளியே இருப்பது இங்கே சாதாரணம். ஆனால் இந்த நாடுகளில் எதிலும் இப்போது பகலொளி சேமிப்பு நேரம் கிடையாது. துபாய் நமக்கு எப்போதும் ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் எப்போதும் இரண்டரை மணி நேரம் முன்னால். அப்பா சிங்கப்பூரிலிருந்து ஞாயிறு இரவு 8 மணிக்கு அழைப்பார் என்றால் பன்னிரண்டு மாதமும் அதே 8 மணிதான்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடுகளில் இது தேவைப்படாததற்குக் காரணம் எளிது. காளையார்கோவில் கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மணி பத்து நிமிடம்தான். ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன் விடிகிறது, ஜனவரியில் ஆறரையைத் தாண்டி விடிகிறது. லண்டனில் ஜூன் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல்; டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. கோடையில் ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே விடிந்துவிடுகிறது, அந்த வெளிச்சத்தை எடுத்து மாலையில் வைத்துக்கொண்டால் என்ன என்பதுதான் இதன் பின்னால் இருந்த யோசனை. 1907-ல் வில்லியம் வில்லட் என்ற ஆங்கிலேயக் கட்டடத் தொழிலதிபர் இதற்காகத் துண்டறிக்கை அடித்துப் பிரசாரம் செய்தார். நாடு முழுக்க முதலில் அமல்படுத்தியது ஜெர்மனி, 1916-ல், முதல் உலகப் போரில் எரிபொருளை மிச்சப்படுத்த.

விவசாயிகளுக்காகக் கொண்டுவந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. நடந்தது நேர் எதிர். 1918-ல் அமெரிக்கா கொண்டுவந்தபோது கடுமையாக எதிர்த்தவர்களில் விவசாயிகள் முன்னணியில் இருந்தார்கள். அடுத்த ஆண்டே அந்தச் சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. மாட்டுக்குக் கடிகாரம் தெரியாது என்பதை அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

கடிகாரமும் பஞ்சாங்கமும் மோதும் இடம் இன்னொன்று உண்டு: ராகு காலம். திங்கள்கிழமை 7.30 முதல் 9 என்று காலண்டரில் இருப்பது காலை 6 மணிக்குச் சூரிய உதயம் என்று வைத்துப் போட்ட கணக்கு. காளையார்கோவிலுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். மார்ச்சில் கடிகாரம் தாவிய மறுநாள் திங்கள் நியூ ஜெர்சியில் சூரியன் உதிப்பதே ஏழேகாலுக்கு. முறைப்படி கணக்குப் போட்டால் அங்கே ராகு காலம் சுமார் எட்டே முக்காலுக்குத்தான் தொடங்கும். "ஏழரைக்கு முன்னாடி புது வேலைக்குக் கிளம்பிடுப்பா" என்று இங்கிருந்து சொல்லும் அம்மாவுக்காக இருட்டிலேயே காரை எடுக்கிறவர்கள் இருந்தால், அவர்களுக்கு இந்தத் தகவல் உபயோகப்படும்.

ஆபீஸ் பக்கம் போனால்

குடும்பம் மட்டுமல்ல. அமெரிக்க கம்பெனிகளுக்காக இரவில் வேலை பார்க்கும் இளைஞர்களின் வாழ்க்கையும் ஆண்டுக்கு இரண்டு முறை நகர்கிறது. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அங்கே மாலை 5 மணிக்கு வேலை முடிகிறது என்றால் இங்கே அதிகாலை 2.30 அல்லது 3.30. நியூயார்க் பங்குச் சந்தை திறப்பதும் இப்படியே கோடையில் இரவு 7 மணி, குளிர்காலத்தில் 8 மணி.

சென்னை ஐடி பூங்காவில் இது ஒரு ஹெச்ஆர் மெயிலோடு முடிந்துவிடும். கேப் நேரம், கேண்டீன் நேரம் எல்லாம் அதற்கேற்ப மாறும். ஊரிலிருந்தே லேப்டாப்பில் யுஎஸ் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு அப்படி இல்லை. வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரமும் விடியலில் பால்காரர் மணியடிக்கும் நேரமும் மாறாது. நவம்பர் முதல் மார்ச் வரை அவர் படுப்பது ஒரு மணி நேரம் தாமதம். எழுப்பப்படுவது அதே நேரம். நான்கு மாதமும் தினம் ஒரு மணி நேரத் தூக்கம் குறைகிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தாங்குவது பெரும்பாலும் பெண்கள்தான்.

மேற்கு நாடுகளில் மார்ச்சில் போகும் ஒரே ஒரு மணி நேரத் தூக்கத்தைப் பற்றி மருத்துவர்கள் நிறையப் பேசுகிறார்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2020-லேயே, கடிகாரத்தைத் திருப்புவதை நிறுத்திவிட்டு ஆண்டு முழுவதும் இயல்பு நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மருத்துவர்கள் பேசுவது கடிகாரத்தை மாற்றுகிறவர்களின் தூக்கத்தைப் பற்றி. அவர்களுக்காக விழித்திருக்கும் நம்மூர்க்காரர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

இந்தியா இதைச் செய்து பார்த்ததே இல்லையா?

செய்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. இன்றைய கணக்கில் 6 மணி என்பது அப்போது 7. ஜனவரியில் காளையார்கோவிலில் கடிகாரப்படி ஏழரை மணிக்கு மேல்தான் விடிந்திருக்கும். அதற்கும் முன்னால், 1906-ல் இந்திய நேரம் வந்தபோது, அதுவரை மதராஸ் நேரத்தில் இருந்த நம் பக்கம் ஒன்பது நிமிடம் முன்னால் நகர்ந்தது. ஆக, நம் நேரமும் ஒன்றும் மலை போல அசையாமல் இருந்ததில்லை.

இப்போதும் அவ்வப்போது யோசனைகள் வருகின்றன. பெங்களூருவின் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அட்வான்ஸ்டு ஸ்டடீஸ் ஆய்வாளர்கள், இந்திய நேரத்தை நிரந்தரமாக அரை மணி நேரம் முன்னால் தள்ளினால் ஆண்டுக்குச் சுமார் 270 கோடி யூனிட் மின்சாரம் மிச்சமாகும் என்று கணக்கிட்டார்கள். அசாமில் தேயிலைத் தோட்டங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் 'பாகான் நேரம்' என்ற தனிக் கணக்கைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கின்றன. அங்கே குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே இருட்டிவிடுவதால் அந்தக் கோரிக்கையில் பொருள் உண்டு. தெற்கே நிலைமை வேறு. அரை மணி தள்ளினால் ஜனவரியில் காளையார்கோவிலில் விடியல் 7 மணியைத் தாண்டிவிடும். கிராமத்திலிருந்து ஏழு மணி பஸ் பிடிக்கும் பிள்ளைகள் இருட்டில் நிற்க வேண்டும். மிச்சமாகும் யூனிட் கணக்கில் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு வரி ஒதுக்கியாக வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. பக்கத்திலேயே, தமிழர்கள் வாழும் மண்ணிலேயே நடந்திருக்கிறது.

இலங்கையின் பத்தாண்டுக் குழப்பம்

1996-ல் இலங்கையில் மழை பொய்த்து, நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு இருளில் மூழ்கியது. மே 25 அன்று அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணி பத்தாண்டு தங்கிவிட்டது. பிள்ளைகள் விடியும் முன்பே பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது என்று பெற்றோர் புலம்பினார்கள்.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்தப் புது நேரத்தை ஏற்கவே இல்லை. அங்கே பழைய நேரம்தான் ஓடியது. ஒரே தீவில், ஒரே மொழி பேசும் ஆட்களுக்கு நடுவே, ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டினால் அரை மணி வித்தியாசம். எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்டால் பழைய நேரமா, புது நேரமா என்று திருப்பிக் கேட்க வேண்டிய நிலை. 2006 ஏப்ரல் 15-ல், சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, இலங்கை மறுபடியும் இந்தியாவோடு ஒரே நேரத்துக்கு வந்தது.

அமெரிக்காவிலும் இதே காரணத்துக்காக ஒரு முயற்சி கைவிடப்பட்டிருக்கிறது. எண்ணெய் நெருக்கடியின்போது 1974 ஜனவரியில் ஆண்டு முழுவதும் கோடை நேரம் என்று தொடங்கினார்கள். குளிர்காலக் காலையில் பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்குப் போவதைப் பார்த்த பெற்றோரின் எதிர்ப்பில் அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது.

அங்கே இதை நிறுத்திவிட்டால் நமக்கு நிம்மதிதானே?

நிறுத்துவார்கள் என்று காத்திருந்து பயனில்லை. 2018-ல் ஐரோப்பிய ஆணையம் கருத்துக் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். 84 சதவீதம் பேர் நிறுத்தச் சொன்னார்கள். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் நிறுத்துவதற்கு ஆதரவாக வாக்களித்தது. உறுப்பு நாடுகளுக்குள் உடன்பாடு வராமல் அது அப்படியே நின்றுபோனது. அமெரிக்க செனட் 2022 மார்ச்சில் நிரந்தரக் கோடை நேரத்துக்கு ஒரு மசோதாவை ஏகமனதாக நிறைவேற்றியது. கீழவை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. திருப்புவது பிடிக்கவில்லை என்பதில் ஒற்றுமை உண்டு, எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில் இல்லை.

ஆகவே இந்த ஒரு மணி நேரம் வந்துகொண்டேதான் இருக்கும். அதை யார் சுமப்பது என்பதைக் குடும்பங்களே பேசி முடிவு செய்யலாம், அதற்கு எந்த நாடாளுமன்றமும் வேண்டாம். ஆபீஸ் காலண்டரில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். வாராவாரம் நடக்கும் மீட்டிங்கை நியூயார்க் நேரத்தில் போட்டிருந்தால், நவம்பரில் அது உங்களுக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அதையே இந்திய நேரத்தில் போட்டிருந்தால் உங்களுக்கு மாறாது, அவர்களுக்கு மாறும். எந்த ஊர் நேரத்தில் மீட்டிங் போட்டார்களோ, அந்த ஊர் நிற்கும், மற்ற ஊர் நகரும்.

வீட்டுப் போனுக்கும் இந்த விதியே பொருந்தும். இத்தனை நாள் அது அறிவிக்கப்படாமல் பிள்ளைகளின் ஊர் நேரத்தில் ஓடியிருக்கிறது. எழுபது வயதில், மாத்திரையும் சாப்பாடும் தூக்கமும் மணிக்கணக்கில் கட்டுண்டு கிடக்கிறவர்களைவிட, முப்பத்தைந்து வயதில் இருப்பவர்கள் அரை மணி முன்னதாக எழுவது எளிது. கலிஃபோர்னியா வீட்டையே எடுத்துக்கொள்வோம். காளையார்கோவில் நேரம் இரவு 8 மணி என்று நிலையாக வைத்தால், குளிர்காலத்தில் அங்கே காலை 6.30. பள்ளி நாளில் பேத்தியை எழுப்புவது கஷ்டம்தான். அப்படியென்றால் ஆளுக்குப் பாதி: அங்கே காலை 7, இங்கே இரவு 8.30. வார நாளில் அதுவும் முடியாவிட்டால் மகன் மட்டும் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, பேத்தியைச் சனி, ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம்.

குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். கடிகாரம் மாறுவதற்கு முந்தைய வாரமே ஊருக்குச் சொல்லிவிடலாம். "அடுத்த ஞாயித்துக்கிழமையில இருந்து எங்க டைம் மாறுதும்மா, நீங்க எங்களுக்காகச் சாப்பிடாம இருக்காதீங்க, ஐயாவுக்கு நேரத்துக்குச் சாப்பாட்டைப் போட்டுடுங்க." இதை ஒரு வாய்ஸ் மெசேஜாக அனுப்ப பத்து விநாடிகூட ஆகாது. மார்ச், நவம்பர் இரண்டுக்கும் ஒரு வாரம் முன்னதாகப் போனில் ரிமைண்டர் போட்டு வைத்துவிட்டால் மறக்கவும் மறக்காது.